காதுகுத்துக்கு எந்தத் தண்ணீர்?

செல்வி அத்தை: கூடங்குளம் அணுக் கழிவை சேர்வராயன் மலையில் புதைக்கப் போகிறார்களாம். கோரிமேட்டுக் குழுவில் வந்தது. ஊற்றெல்லாம் விஷமாகிவிடுமாம். ஞாயிறு பந்திக்கு எந்தத் தண்ணீர்?

ரேவதி: ஐயோ

ரேவதி: ஆயா கேட்டுவிட்டார். கோயிலே வேண்டாம், வீட்டிலேயே குத்துங்கள் என்கிறார்

பாபு மாமா: எத்தனை கேன் சொல்ல?

கணேசன் பெரியப்பா: அரசாணை ஏதாவது இருக்கிறதா செல்வி? ஆழத்தில் புதைக்கும் இடம் நம் நாட்டில் எங்குமே இல்லை. கூடங்குளத்தில் எரிந்த எரிபொருள் அங்கேயே தொட்டித் தண்ணீரில் இருக்கிறது. ஆனால் தண்ணீரைப் பற்றிக் கேட்டது சரி. எழுதுகிறேன்.

சரவணன்: எல்லோரும் உட்காருங்கள் 🙏

கணேசன் பெரியப்பா: அந்த எரிபொருள் விரல் நுனி அளவுக் கறுப்பு வில்லை. யுரேனியம் டை ஆக்சைடு, சூளையில் சுட்ட ஓடு மாதிரி. காற்று எட்டாத ஆழத்துத் தண்ணீரில் கரைவது மிக மிகக் குறைவு. ஆனால் உள்ளே அணுக்கள் சிதைந்து ஆல்ஃபா என்ற கதிர்வீச்சுத் துகளை வீசிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் அது மயிரிழை அகலம்தான் போகும். அதற்குள் தண்ணீரை உடைத்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஆக்கிவிடும். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதேதான். அது வில்லையின் மேல்தோலை மாற்ற, யுரேனியம் கரையத் தொடங்கும். கார்பனேட் உள்ள தண்ணீர் என்றால் இன்னும் சுலபம்.

ரேவதி: குழந்தை காதுக்கு அதைப் போடலாமா?

செல்வி அத்தை: ஆசாரியைக் கேள். யார் மடியில் உட்கார வைப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பாபு மாமா: மூத்தவர் இருக்கும்போது நான் எப்படி

கணேசன் பெரியப்பா: இன்னும் முடிக்கவில்லை. எரிந்த வில்லையில் சீசியம் 137, ஸ்ட்ரான்சியம் 90 என்ற கதிர்வீச்சுப் பொருட்களும் இருக்கும். இரண்டுக்கும் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், சுமார் 30 ஆண்டு. 300 ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அதுவரையாவது தண்ணீர் வில்லையைத் தொடக்கூடாது. தொட்டால் சீசியத்திலும் அயோடினிலும் ஒரு பங்கு உடனே கழன்று வரும். அதற்குத்தான் பின்லாந்தில் வில்லையை வைக்க 400 மீட்டருக்கும் கீழே, பாறைக்குள், செம்புக் கலம், சுற்றிலும் களிமண். 300 ஆண்டுக்குப் பிறகும் ஆல்ஃபா ஓயாது. அதை வீசும் புளூட்டோனியம் 239க்கு அரை ஆயுள் 24,100 ஆண்டு.

சரவணன்: செம்பு ஓட்டையானால்?

கணேசன் பெரியப்பா: நல்லா கேட்டாய் சரவணா. உள்ளே இரும்பு இருக்கிறது. தண்ணீர் புகுந்தால் அது துருவேறி ஹைட்ரஜன் வெளிவரும். வில்லை கரைவதை அந்த ஹைட்ரஜன் வெகுவாக அடக்கிவிடும். நம் போர் குழாயைத் தின்கிற துரு அங்கே காவல் நிற்கிறது.

பாபு மாமா: போர் என்றதும் ஞாபகம். நாகலூர் போருக்கு நான் போட்ட பாதிப் பணம்?

செல்வி அத்தை: பாபு, இங்கே வேண்டாம்

ரேவதி: தட்டுவடை செட் யார் சொல்கிறீர்கள்?

சரவணன்: நான். 100 போதுமா?

ரேவதி: ஆயா கேட்கிறார், பேரன் பேத்தி காலத்தில் மலைத் தண்ணீர் குடிக்கலாமா என்று

கணேசன் பெரியப்பா: அம்மாவிடம் சொல், இன்றைக்குத் தாராளமாகக் குடிக்கலாம். உண்மையிலேயே யாராவது குழி தோண்ட வந்தால், பாறையில் விரிசல் எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, அதில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று நானே போய்க் கேட்பேன்.

ரேவதி: சரி என்றார். ஆனாலும் கேனும் இருக்கட்டுமாம்

பாபு மாமா: 20 சொல்லவா 30ஆ?

செல்வி அத்தை: மடி விஷயம்?

சரவணன்: வேன் அடிவாரத்துக்கு 6 மணிக்கா 7க்கா?