ஆறடித் தொட்டிக்கு எந்த ஃபில்டர், என்ன மீன்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

அம்பத்தூர்

ஆறடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம், 12 மி.மீ. கண்ணாடி. இன்னும் ஒட்டவில்லை, அடுத்த வாரம் ஆர்டர் கொடுக்கணும். கடையில் ரெண்டு டாப் ஃபில்டர் (தொட்டியின் மேலேயே வைக்கும் சின்ன டப்பா) போதும் என்கிறார்கள். நினைத்திருக்கும் மீன்கள்: ஒரு சில்வர் அரோவானா, நாலு ஆஸ்கர், ஒரு ரெட் டெயில் கேட்ஃபிஷ், பாசி எடுக்க ரெண்டு டேங்க் கிளீனர். வீட்டில் போர் தண்ணீர், டி.டி.எஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1100. மெட்ரோ தண்ணீரும் வரும். எதை முதலில் முடிவு பண்ணுவது?

கோவை

முதலில் தண்ணீர், அதற்கேற்ற மீன், அந்த மீன் போடும் அழுக்குக்கேற்ற ஃபில்டர். பெரும்பாலான ஆறடித் தொட்டிகள் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டுத்தான் கெட்டுப்போகின்றன.

உங்கள் பட்டியலில் ரெட் டெயில் கேட்ஃபிஷை இப்போதே அடித்துவிடுங்கள். கடையில் மூணு அங்குலக் குட்டி, பார்க்கப் பாவமாக இருக்கும். வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும், வாயில் அடங்கும் எதையும் விழுங்கும். சில்வர் அரோவானா 90 செ.மீ. வரை போகும். ரெண்டடி அகலத்தில் அதால் திரும்பவே முடியாது. ‘ஷார்க்’ என்று விற்கும் பங்காசியஸும் இதே கதைதான்.

டேங்க் கிளீனர் என்பது விற்பதற்காக வைத்த பெயர். 40 செ.மீ. வரை வளரும். குட்டியில் கொஞ்சம் பாசி தின்னும். வளர்ந்தபின் அது தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம். ராத்திரியில் ஆஸ்கர் மாதிரித் தட்டையான மீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சும். பெரிதாகிவிட்டது என்று ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். அப்படி விட்டவைதான் இன்று தமிழ்நாட்டு ஏரி குளங்களில் பெருகி, மீனவர் வலையை முள்ளால் கிழித்துக்கொண்டிருக்கின்றன. கண்ணாடிப் பாசிக்குக் காந்த பிரஷ் போதும்.

இனி தண்ணீர். எங்கள் சிறுவாணி மென்னீர், அதில் ஏஞ்சல், டிஸ்கஸ், சில்வர் டாலர் எல்லாம் சுகமாக இருக்கும். 1100 டி.டி.எஸ் போர் தண்ணீரில் அவை இழுத்துக்கொண்டு கிடக்கும். டி.டி.எஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். அது சுண்ணாம்பா சோடியமா என்று சொல்லாது. அதனால் ஜி.எச் (மொத்தக் கடினத்தன்மை), கே.எச் (பி.எச் சரியாமல் தாங்கும் கார்பனேட் கடினத்தன்மை) பார்க்கும் சொட்டு டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். போர் தண்ணீரில் பாதிக்குப் பாதி மெட்ரோ அல்லது ஆர்.ஓ. தண்ணீர் கலந்து 500-600க்குக் கொண்டுவந்தால், பி.எச் எட்டை ஒட்டி நிற்கும் பட்சத்தில், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீனான மலாவி சிக்லிட் உங்களுக்குத் தோது. ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் வேஸ்ட் தண்ணீரை ஊற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது இருக்கிற உப்பை இன்னும் ஏற்றும்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். மலாவி என்றாலே உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள். அந்த ஏரித் தண்ணீரில் பி.எச் தான் அதிகம், உப்பு அப்படியொன்றும் அதிகமில்லை.

மலாவி மீன்களில் எம்புனா என்ற வகையில் எல்லோ லேப் 10, அசேய் 8, டெமசோனி 12 என்று முப்பது மீன் இந்தத் தொட்டி தாங்கும். ஒரு ஆணுக்கு மூணு பெண் என்பது கணக்கு. டெமசோனியை நாலைந்தாக விட்டால் ஒன்று மிச்சத்தைக் கொன்றுவிடும், பன்னிரண்டாக விட்டால் அடி பிரிந்துபோகும். ஆரேட்டஸைச் சேர்க்கவே வேண்டாம், குட்டியில் தங்கம், ஆண் வளர்ந்தால் ரவுடி. தீனி ஸ்பைருலினா கலந்தது. ரத்தப் புழு, இறைச்சி என்று கொடுத்தால் வயிறு ஊதிச் சாகும். எம்புனாவின் குடல் பாசி தின்னப் படைத்தது, நீளமானது.

ஆஸ்கர்தான் வேண்டும் என்றால் ரெண்டு, மிஞ்சினால் மூணு. வளர்ந்த ஆஸ்கர் 30 செ.மீ. இருக்கும், தீனியில் பாதியை மென்று செவுள் வழியாகத் துப்பும். மலாவியோடு கலக்கக் கூடாது.

மதுரை

மீன் கதையைக் கோவைத் தம்பி முடித்துவிட்டார். ஃபில்டருக்கு வருகிறேன்.

டாப் ஃபில்டர் நாலு வைத்தாலும் காணாது. மோட்டார் வேகம் பிரச்சினையில்லை, மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியிருக்க அந்த டப்பாவில் இடமில்லை. இந்த அளவுக்கு சம்ப் தான். தொட்டிக்கு அடியில் 4 x 1.5 x 1.5 அடியில் இன்னொரு கண்ணாடித் தொட்டி, மூணு அறை. மேலிருந்து வரும் தண்ணீர் முதலில் பஞ்சு, அடுத்து மீடியா (பாக்டீரியா குடியேறும் செராமிக் ரிங் மாதிரிப் பொருள்), கடைசியில் பம்ப்.

தொட்டி கிட்டத்தட்ட 680 லிட்டர். மணிக்கு நாலைந்து முறை சுற்ற 3000 லிட்டர் தேவை. பம்ப் அட்டையில் போட்டிருப்பது தண்ணீரை உயரம் ஏற்றாத கணக்கு. ஒன்றரை மீட்டர் ஏற்றி ரெண்டு எல்போ திருப்பினால் மூணில் ஒரு பங்காவது குறையும். 5000 லிட்டர் பம்ப் எடுத்து வால்வில் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் வால்வு, பம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பைப்பில்தான் இருக்கணும், பம்ப் உறிஞ்சும் பக்கம் நெருக்கினால் பம்ப் சூடாகும்.

எல்லோரும் சறுக்குவது கரண்ட் கட்டில். தொட்டியின் பரப்பில் 1 செ.மீ. தண்ணீர் என்பது 11 லிட்டர். சம்ப் பரப்பு அதில் பாதி, ஆகவே மேலே ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் கீழே ரெண்டு சென்டிமீட்டர் ஏறும். கரண்ட் போனால் ஓவர்ஃப்ளோ (மேல் தண்ணீர் சம்புக்கு வழியும் வாய்) விளிம்புவரை மேல் தண்ணீர் இறங்கும், 3 செ.மீ. என்றால் 33 லிட்டர். சம்ப் தடுப்புகளை 28 செ.மீ. உயரத்தில் வைத்தால் மேலே 17 செ.மீ. காலி, தாராளமாக அடங்கும். இப்போது ரிட்டர்ன் பைப்பின் வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது என்று வையுங்கள். பம்ப் நின்றதும் அதே பைப் சைபனாகி, தண்ணீரைத் தானாகவே திருப்பி இழுத்து 111 லிட்டரைக் கீழே இறக்கும். சம்ப் நிரம்பி மிச்சம் ஹாலில். பைப் வாய் நீர்மட்டத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. கீழேயே இருக்கட்டும். மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் 4 மி.மீ. துளை ஒன்றும் போடுங்கள். மட்டம் இறங்கியதும் துளை வழியே காற்று ஏறி சைபன் அறுந்துவிடும். அந்தத் துளையைப் பாசியும் குட்டி நத்தையும் அடைக்கும், வாரம் ஒருமுறை ஊசியால் குத்தணும். ‘நான் ரிட்டர்ன் வால்வு போட்டிருக்கிறேன்’ என்று சொல்லாதீர்கள். அதன் தட்டில் ஒரு இலைத் துணுக்கு சிக்கினால் மூடாது.

எதிர்ப்பக்கமும் பார்க்கணும். ஓவர்ஃப்ளோ அடைத்தால் பம்ப் அறைத் தண்ணீர் முழுக்க மேலே ஏறும். 30 x 45 செ.மீ. அறை, 22 செ.மீ. தண்ணீர் என்றால் 30 லிட்டர், மேலே 2.7 செ.மீ. உயரும். மேல் விளிம்பில் 4 செ.மீ. காலி விட்டால் அப்போதும் வழியாது.

வெயில் காலத்தில் நாளைக்கு ஆறேழு லிட்டர் ஆவியாகும். அந்தக் குறைவு முழுக்க பம்ப் அறையில்தான் தெரியும், ஒரே நாளில் 5 செ.மீ. இறங்கும். மூணு நாள் வெளியூர் போனால் பம்ப் காற்றை உறிஞ்சிக் கத்தும். ஒரு மிதவை வால்வு போட்டு மேலே 20 லிட்டர் கேனில் ஆர்.ஓ. தண்ணீர் வைத்துவிடுங்கள். ஆவியான தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

எல்லாம் பூட்டியதும் மீன் விடும் முன்பு பத்து தடவை சுவிட்சை அணைத்துப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் சம்ப் ஏறி நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் கோடு. பத்துக் கோடும் ஒரே இடத்தில் விழுந்தால் சரி. ஒன்று மேலே போனால், அந்தத் தடவை சைபன் அறுபடத் தாமதம் என்று அர்த்தம்.

கொளத்தூர்

ஒட்டும் முன்பே ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள். 40 மி.மீ. டேங்க் நிப்பிளுக்கு ரெண்டு துளை, ஒன்று ஓடுவதற்கு, இன்னொன்று காலியாக எமர்ஜென்சிக்கு. ரிட்டர்னுக்கு 25 மி.மீ. போதும். டஃபன்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியில் துளை போட முடியாது, பொடிப்பொடியாகிவிடும். சிலிகான் பூஞ்சைத் தடுப்பு மருந்து சேராததுதானா என்று டியூபைப் பார்த்து வாங்குங்கள், பாத்ரூம் சிலிகான் மீனைக் கொல்லும். ஒட்டி ஒரு வாரம் காயணும், ரெண்டு நாள் நிரப்பி வைத்து ஒழுகலைப் பார்க்கணும்.

கண்ணாடி, தண்ணீர், மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து டன்னை நெருங்கும். மாடி வீடு என்றால் நடு ஹாலில் வைக்க வேண்டாம். வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தரவிதி எடுக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, தொட்டி நிற்கும் இடத்தில் 800க்கு மேல் இறங்கும். பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள், சந்தேகம் இருந்தால் இன்ஜினியரைக் கேளுங்கள். ஸ்டாண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே 12 மி.மீ. தெர்மாகோல்.

மதுரை அண்ணன் கேனிஸ்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) பற்றிப் பேசவே இல்லை. சத்தமில்லை, ஹாலில் ஒழுகும் பயம் குறைவு. ஆனால் இந்த அளவுக்கு ரெண்டு பெரிய கேனிஸ்டர் வேணும், செலவு சம்பைத் தாண்டும். கரண்ட் நாலைந்து மணி நேரம் போனால் மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடக் கூடாது, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போடணும். சம்ப் திறந்திருப்பதால் அங்கே இவ்வளவு மோசமாகாது.

மீடியாவுக்கு செராமிக் ரிங் 20 லிட்டர். கை கடித்தால் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் உருண்டை நூறு போடுங்கள், சோப்பு தடவாதது. அழகில்லை, வேலை செய்யும். பஞ்சை வாரம் ஒருமுறை குழாய்த் தண்ணீரில் அலசலாம். மீடியாவை மட்டும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான், அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பாதியை மட்டும்.

திருச்சி

எல்லாம் பூட்டியாச்சு என்று அன்றைக்கே மீன் விடாதீர்கள். மீனில்லாமலே சைக்கிள் செய்யலாம், அதாவது ஃபில்டரில் பாக்டீரியாவை வளர்க்கலாம். சம்பையும் சேர்த்து 700 லிட்டர் தண்ணீருக்கு நாலரை கிராம் அம்மோனியம் குளோரைடு, நம் நவச்சாரம்தான். ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் கட்டியில் வேறு உலோகம் கலந்திருக்கலாம், லேப் தரத்தில் வாங்குங்கள். அம்மோனியா 2 பி.பி.எம் (லிட்டருக்கு 2 மி.கி.) காட்டும். முதலில் அது இறங்கி நைட்ரைட் ஏறும், பிறகு நைட்ரைட் இறங்கி நைட்ரேட் ஏறும். மறுபடி 2 பி.பி.எம் போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் ரெண்டுமே பூஜ்யம் காட்டினால் மீன் விடலாம். நம் வெயிலில் மூணிலிருந்து ஆறு வாரம். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு பிடி மீடியா கிடைத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் அந்தத் தொட்டியின் நோயும் கூடவே வரும்.

பி.எச் எட்டில் இந்தப் பொறுமை கட்டாயம். 28 டிகிரியில் பி.எச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதம்கூட விஷ வடிவில் இராது. பி.எச் 8 என்றால் ஆறேழு சதவீதம். டெஸ்ட் கிட்டில் நிறம் ஒன்றுதான், மீனுக்கு விளைவு பத்து மடங்கு.

சிறுவாணிக்காரர்களுக்கு நேரெதிர் தொல்லை. கே.எச் இல்லாததால் சைக்கிள் பாதியில் பி.எச் சரிந்து பாக்டீரியா படுத்துவிடும். 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா போட்டால் கே.எச் ஒரு டிகிரி ஏறும்.

வாரம் 200 லிட்டர் மாற்றணும். மெட்ரோ தண்ணீரை டிரம்மில் பிடித்து ஆன்டி குளோரின் போட்டுத்தான் ஊற்றணும். தொட்டியில் ஹோஸைப் போட்டு நிரப்பிவிட்டுப் பிறகு மருந்து ஊற்றுவதில் முதலில் சாவது மீடியா பாக்டீரியா, அது ரெண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

கத்திரி வெயிலில் தண்ணீர் 32 டிகிரி தொட்டால் கரையும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.3 மி.கி. தான், 25 டிகிரியில் 8.3. மூடியைத் திறந்து வலை போட்டு, ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பில் திருப்புங்கள். ரெண்டு டிகிரி இறங்கும், ஈரக்காற்றுள்ள நாளில் அதற்கும் குறைவு. அன்றைக்குத் தீனி பாதி.

அம்பத்தூர்

மலாவி என்று முடிவு. ஆனால் ரெண்டு டாப் ஃபில்டருக்குப் பணம் கொடுத்தாச்சு, கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்.

மதுரை

வீணாகாது தம்பி. ரெண்டடித் தொட்டி ஒன்றில் ஒன்றை மாட்டி, புது மீன் எதுவானாலும் அதில் நாலு வாரம் வையுங்கள். பையைப் பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டு மீனை மட்டும் வலையில் எடுத்துவிடணும், கடைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. இன்னொன்றின் ஸ்பான்ஞ்சைக் கழற்றி இப்போதே சம்பில் போட்டு வையுங்கள், தனித்தொட்டி தேவைப்படும் அன்று பாக்டீரியா ஏறிய ஸ்பான்ஞ் கையில் இருக்கும்.