ஏ.பி.ஏ.ஆரில் 5.6: 15 நாளுக்குள் என்ன எழுதுவது?

மூன்றாம்_மாடி (கேள்வி)

சென்னையில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் யூ.டி.சி. (மேல்நிலை எழுத்தர்) நான். 2024–25க்கான ஏ.பி.ஏ.ஆர். (ஆண்டுப் பணி மதிப்பீட்டு அறிக்கை) செப்டம்பர் 8 அன்று கைக்கு வந்தது. மொத்தம் 10க்கு 5.6, அதாவது 'குட்'. முந்தைய நான்கு ஆண்டுகளும் 7க்கு மேல். 2026 ஜூனில் 20 ஆண்டு எம்.ஏ.சி.பி. (பதவி உயர்வு கிடைக்காதவருக்குத் தரும் ஊதிய நிலை உயர்வு) வருகிறது. அதற்கு 'வெரி குட்' வேண்டும் என்பதால் இந்த ஓர் ஆண்டே தடுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

விவரம் இதுதான். பணி வெளிப்பாட்டில் நான்கு இனங்களுக்கு 6, 6, 5, 3. தனிப்பண்புகள் 6, செயல்திறன் 6. அந்த 3 விழுந்தது 'எதிர்பாராத, கூடுதல் பணிகள்' என்ற இனத்தில். நீண்ட விடுப்பில் போன ஒருவரின் சீட்டை (அவருடைய வேலையை) ஜூலை முதல் நவம்பர் வரை சேர்த்துப் பார்த்தது நான்தான். ஆபீஸ் ஆர்டர் இருக்கிறது, சுயமதிப்பீட்டிலும் எழுதியிருக்கிறேன். ஆண்டு முழுக்கக் கண்டித்து ஒரு மெமோகூட இல்லை. பென் பிக்சரில் (அதிகாரி சொற்களில் எழுதும் குறிப்பில்) 'இன்னும் முனைப்பு தேவை' என்று ஒரே வரி. எழுதிய செக்‌ஷன் ஆபீசர் (எஸ்.ஓ.) 2025 ஜனவரி 20 அன்றுதான் சேர்ந்தார். ரிவ்யூயிங் ஆபீசர் (அதைச் சரிபார்க்கும் மேலதிகாரி) 'ஒப்புக்கொள்கிறேன்' என்று முடித்துவிட்டார்.

ரெப்ரசென்டேஷனில் (தரத்தைத் திருத்தக் கோரும் மனுவில்) எதை எழுத வேண்டும்? பக்கத்து சீட்காரருக்கு 8 என்கிறார்கள். அவருடைய ஏ.பி.ஏ.ஆரை ஆர்.டி.ஐ.யில் வாங்கி ஒப்பிடலாமா?

பழைய_கோப்பு

முதலில் தேதி. கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள், ஆக செப்டம்பர் 23. அதற்குள் வராவிட்டால் சொல்வதற்கு எதுவும் இல்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். 19, வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். பிரதியில் டைரி எண்ணும் (பெற்றதற்கான பதிவு எண்) முத்திரையும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். கணினி வழியே வந்திருந்தால், தரத்தை ஏற்பதாகப் பதிவாகும் பொத்தானை அவசரத்தில் அழுத்த வேண்டாம்.

அடுத்து கணக்கு. பெரும்பாலோர் இதைப் போடாமலே நான்கு பக்கம் எழுதுகிறார்கள். பணி வெளிப்பாட்டுக்கு 40 சதவீதம், மற்ற இரண்டுக்கும் தலா 30. உங்கள் 6, 6, 5, 3 கூட்டினால் 20, சராசரி 5. அதில் 40 சதவீதம் 2.0. மற்ற இரண்டும் 1.8, 1.8. மொத்தம் 5.6 சரிதான், கூட்டல் பிழை இல்லை.

'வெரி குட்' என்பது 6 முதல் 8க்குக் கீழ் வரை. உங்களுக்குத் தேவை 0.4. அந்த 3ஐ 7 ஆக்கினால் கூட்டுத்தொகை 24, சராசரி 6, மொத்தம் சரியாக 6.0. அதாவது உங்கள் வழக்கு முழுவதும் ஒரே இனத்தில் நிற்கிறது. அதற்குத்தான் உங்களிடம் ஆபீஸ் ஆர்டரும் இருக்கிறது! மற்ற இனங்களைத் தொடவே வேண்டாம். எல்லா மதிப்பெண்ணையும் குறை சொன்னால் படிப்பவருக்கு இது வழக்கமான புலம்பலாகிவிடும்.

ஒன்றரைப் பக்கம் போதும். முதல் பத்தியில் ஏ.பி.ஏ.ஆரை அனுப்பிய மெமோவின் எண், கிடைத்த தேதி. இரண்டாவதில் ஆர்டர் எண்ணும் தேதியும், அந்த ஐந்து மாதமும் இரண்டு சீட்டிலும் மாதவாரியாக வந்த தபால், முடித்த தபால், நிலுவை. இதை இ-ஆபீசிலிருந்து (கணினிக் கோப்பு முறை) எடுத்து இணைப்பாக வையுங்கள். மூன்றாவதில் கோரிக்கை. 'தரத்தை உயர்த்தித் தர வேண்டுகிறேன்' என்று பொதுவாக விடாதீர்கள். இந்த இனத்தில் 3ஐ 7 ஆகத் திருத்தி மொத்தத் தரத்தை 6.0 ஆக்கவும் என்று எண்ணோடு எழுதுங்கள். முந்தைய ஆண்டுகளின் தரத்துக்கு ஒரு வரி போதும். ஒவ்வோர் ஆண்டும் தனி மதிப்பீடு என்பதால் அது துணைச் சான்றே தவிர வாதம் ஆகாது.

ஓர் இடத்தில் கவனம். 1, 2 அல்லது 9, 10 போட்டால்தான் பென் பிக்சரில் குறிப்பான காரணம் கட்டாயம். 3க்கு அது இல்லை. ஆகவே 'காரணம் எழுதாதது விதிமீறல்' என்று எழுதினால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே நிராகரிப்பார்கள். சுயமதிப்பீட்டில் சொன்ன கூடுதல் பணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அதை மறுக்கவும் இல்லை என்று எழுதுங்கள், அது நிற்கும். 'பழிவாங்கல்', 'காழ்ப்பு' போன்ற சொற்கள் வேண்டாம். ஆதாரம் காட்ட முடியாத குற்றச்சாட்டு, ஆதாரமுள்ளதையும் சேர்த்துக் கெடுக்கும்.

சங்கப்பலகை

தோழர், ஜனவரி 20ஐப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்களே! அதுதான் பெரிய விஷயம். குறைந்தது மூன்று மாதமாவது வேலையைப் பார்த்தவர்தான் ஏ.பி.ஏ.ஆர். எழுதலாம். ஜனவரி 20 முதல் மார்ச் 31 வரை எண்ணினால் 71 நாள். அந்த அதிகாரி உங்கள் ஆண்டை எழுதத் தகுதி உள்ளவரே இல்லை. நவம்பரில் முடிந்த கூடுதல் சீட்டை அவர் பார்த்திருக்கவும் வழியில்லை, 3 விழுந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஏப்ரல் முதல் ஜனவரி வரைக்கு முந்தைய எஸ்.ஓ. பொறுப்பை ஒப்படைக்கும்போதே எழுதியிருக்க வேண்டும்.

புதியவர் பொறுப்பேற்ற சார்ஜ் ரிப்போர்ட்டின் நகலை இன்றே அட்மினில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தேதியைக் குறிப்பிட்டு, அலுவலகப் பதிவேட்டோடு ஒத்துப்பார்க்கக் கோருங்கள்.

பக்கத்து சீட்காரர் யோசனையை விட்டுவிடுங்கள். ஊழியரின் பணி மதிப்பீடு தனிப்பட்ட தகவல் என்று கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருடையது கிடைக்காது. உங்களைப் பற்றிய பதிவுகளை 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம், ஆனால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. 15 நாள் கெடுவுக்கு அது உதவாது. பின்னால் தீர்ப்பாயம் போக நேர்ந்தால் உதவும் என்பதற்காக இப்போதே போட்டு வையுங்கள்.

மூன்றாம்_மாடி

இருவருக்கும் நன்றி. முந்தைய எஸ்.ஓ. மாற்றலாகி மதுரையில் இருக்கிறார், இன்னும் சர்வீஸில்தான். அப்படியானால் மூன்று மாத விதியையே முதல் வாதமாக வைத்துவிடட்டுமா?

பழைய_கோப்பு

அவர் சர்வீஸில் இருப்பது நல்லது. ஓய்வு பெற்றவர் ஒரு மாதத்துக்குள்தான் எழுத முடியும்.

ஆனால் வரிசையில் எனக்கு வேறு கருத்து. மூன்று மாத வாதம் மட்டும் ஜெயித்தால் இந்த அறிக்கை செல்லாது என்றுதான் முடியும், 6.0 தானாக வராது. பழைய எஸ்.ஓ.விடம் படிவம் போகும், அவர் என்ன போடுவார் என்பது உங்கள் கையில் இல்லை. யாருமே எழுத முடியாமல் போனால் 'நோ ரிப்போர்ட்' சான்று வைத்து, தரங்களைப் பரிசீலிக்கும் கமிட்டி அதற்கு முந்தைய ஆண்டைச் சேர்த்துப் பார்க்கும். உங்கள் பழைய தரங்கள் 7க்கு மேல் என்பதால் அதுவும் பாதகமில்லை. ஆகவே முதல் கோரிக்கை 3ஐத் திருத்துவது. அது முடியாதென்றால், மூன்று மாதம் நிறையாத அதிகாரி எழுதியதால் இந்த அறிக்கையை விலக்கி, தகுதியுள்ளவரிடம் எழுதி வாங்குவது மாற்றுக் கோரிக்கை. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள்.

கேட்_வாசல்

எம்.ஏ.சி.பி. பற்றி யாரும் தொடவில்லை. உங்களுடையது ஜூன் 2026, நிதியாண்டின் முதல் பாதி. ஏப்ரல்–செப்டம்பர் கேஸ்களை ஸ்கிரீனிங் கமிட்டி ஜனவரி முதல் வாரத்தில் எடுக்க வேண்டும் என்பது திட்ட விதி. ரெப்ரசென்டேஷன் மீது 30 நாளில் முடிவெடுக்க வேண்டும், அதாவது அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குள். நவம்பர் பிறந்தும் பதில் வராவிட்டால், டைரி எண்ணைச் சொல்லி ஒரு நினைவூட்டலும், முடிவாகாத ஏ.பி.ஏ.ஆரைக் கமிட்டி முன் வைக்க வேண்டாம் என்று அட்மினுக்கு ஒரு கடிதமும் கொடுங்கள். கமிட்டி முடிந்தபின் தரம் உயர்ந்தால் ரிவ்யூ டி.பி.சி. (கமிட்டியின் மறுபரிசீலனை) கேட்கலாம், ஆனால் அது இழுக்கும்.

நிராகரிப்பு வந்தால் முதலில் பாருங்கள்: நீங்கள் எழுப்பிய ஒவ்வொரு விஷயத்துக்கும் பதில் இருக்கிறதா? 'கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலவில்லை' என்று இரண்டே வரி என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் அதுவே வலுவான காரணம். மனுக் கட்டணம் 50 ரூபாய். இறுதி ஆணையிலிருந்து ஓராண்டு. பதிலே வராவிட்டால் ஆறு மாதம் காத்திருந்து அதன்பின் ஓராண்டு. அங்கே மார்க் போட்டுத் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். காரணத்தோடு மறுபடி முடிவெடு என்று திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். தேவ் தத் (2008), சுக்தேவ் சிங் (2013) தீர்ப்புகள் தரத்தை ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதற்கானவை. உங்களுக்குத் தெரிவித்துவிட்டார்கள், ஆகவே அவற்றை மேற்கோள் காட்டி இடத்தை நிரப்ப வேண்டாம்.

மனுவை மெமோவில் குறித்துள்ள அதிகாரிக்கே முகவரியிடுங்கள். செக்‌ஷன் வழியாகக் கொடுத்துவிட்டு, அட்வான்ஸ் காப்பியை அதே நாளில் நேரே அனுப்புங்கள். எஸ்.ஓ. மேஜையிலேயே பத்து நாள் தூங்கினாலும் தேதி உங்கள் பக்கம் இருக்கும்.