லேசர் புரொஜெக்டரில் 'கலர் பேலன்ஸ்': நிறச் சமநிலை சரியா?

> பல நிற லேசர் புரொஜெக்டருக்கான கையேட்டில் 'கலர் பேலன்ஸ்' என்பதை 'நிறச் சமநிலை' என்று எழுதியிருக்கிறேன். வேறு நல்ல சொல் உண்டா?

வணக்கம் ஐயா.

மூன்று நிறத்தின் அளவையும் திருகித் திருத்தி வெள்ளை பிடிக்கும் வேலை இது. படிப்பவர் கையில் திருப்புளி இருக்கிறதென்றால் 'சமநிலை' என்ற சொல் அவரைத் தவறான பக்கம் திருப்பிவிடும். சமநிலை என்றதும் மூன்று நிறத்துக்கும் ஒரே அளவு வாட் வைக்கத்தான் தோன்றும். 638 நானோமீட்டர் சிவப்பு, 520 பச்சை, 445 நீலம் மூன்றையும் சம வாட்டில் வைத்தால் சுவரில் விழுவது வெள்ளை அல்ல; நீலம் தூக்கலாக இருக்கும். பகல் வெள்ளை கிடைக்க சிவப்பு, பச்சை, நீலம் ஏறக்குறைய 2.5 : 1.8 : 1 என்று இருக்கவேண்டும்.

கண் 445-ஐ மிக மங்கலாகவே உணர்கிறது (555-ஐ 1 என்று கொண்டால் இது 0.03, 638 சுமார் 0.19, 520 சுமார் 0.71). அப்படியானால் நீலத்துக்குத்தானே அதிக வாட் வேண்டும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். பிரகாசத்தில் நீலத்தின் பங்கு சொற்பம்தான், ஆனால் சாயமேற்றுவதில் அது கெட்டிக்காரன். கொஞ்சம் கூடினாலும் வெள்ளையைக் கெடுத்துவிடும்.

சிவப்பு 700 மில்லிவாட், பச்சை 1 வாட், நீலம் 1.5 வாட் கொண்ட கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பை முழுதாக விட்டு, பச்சையைச் சுமார் 490-க்கும் நீலத்தைச் சுமார் 280-க்கும் இறக்கவேண்டும். 3.2 வாட் என்று அட்டையில் போட்ட கருவி வெள்ளையில் தருவது ஒன்றரை வாட்டுக்கும் சற்றுக் குறைவு. இது விகிதம் பிடிக்கும் வேலை. அதனால் 'சீராக்கம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன்: வெண்சீராக்கம்.

'வெண்சமநிலை' இருக்கிறதே என்பீர்கள். அது கேமராவுக்குப் போய்விட்டது. "கேமராவின் வெண்சமநிலையைப் பூட்டிய பின் புரொஜெக்டரின் வெண்சீராக்கத்தைச் சோதிக்கவும்" என்று ஒரே வரியில் இரண்டும் வரும் இடம் உண்டு. அங்கே இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது.

'நிறத்திறன் சமன்' என்று முன்பு ஒருவர் சொன்னதற்கும் ஒரு தடை. தமிழ்நாட்டுப் பாடநூலில் வாட் கணக்கு 'திறன்'. இலங்கையில் அது 'வலு'. தலைப்புச் சொல்லில் இரண்டையும் தவிர்ப்பதே நல்லது.

சொல் நடைமுறையில் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பத்தி:

"மூன்று கற்றைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதை முதலில் உறுதி செய்க. கருவியை 15 நிமிடம் ஓடவிடுக. சிவப்பு டையோடு சூடேறினால் ஒளி குறையும், குளிர்ந்திருக்கும்போது பிடித்த வெள்ளை பிறகு பச்சைநீலமாகச் சாயும். நிலையான புள்ளியை வைத்துப் பார்க்கவேண்டாம், கண்ணுக்கு ஆபத்து. அகலமாக ஓடும் கோட்டைப் பயன்படுத்துக. கட்டுப்பாட்டு உள்ளீடு 0 வோல்ட்டில் இருக்கும்போது ஒவ்வொரு டையோடும் பயன்தொடக்க மின்னோட்டத்துக்கு (லேசர் ஒளி எழத் தொடங்கும் அளவுக்கு) சற்றுக் கீழே நிற்கட்டும். பிறகு அதே உள்ளீட்டில் 5 வோல்ட் கொடுத்து, பலவீனமான நிறத்தை அப்படியே விட்டு மற்ற இரண்டையும் குறைத்து வெண்சீராக்கம் செய்க. பலவீனமான நிறத்தின் மின்னோட்டத்தை டையோடின் வரம்புக்கு மேல் ஏற்றவேண்டாம்."

---

> அதனால் 'சீராக்கம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன்: வெண்சீராக்கம்.

சீராக்கம் சரி. 'வெண்' ஒட்டுதான் இடிக்கிறது. உச்சியில் வெள்ளை சுத்தமாக வந்தபிறகும், கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் சரிவுக்கோட்டை ஓடவிட்டால் இருண்ட முனை சிவந்தோ பச்சையாகவோ நிற்கும். ஒரு நிறம் மற்றவற்றுக்கு முன்பே எரியத் தொடங்குகிறது என்று பொருள். அதைத் திருத்துவதும் இதே வேலையின் பாதி. அங்கே வெள்ளையே இல்லை. எனவே நிறச்சீராக்கம் என்று பொதுவாக வைத்து, அதற்குள் அடியளவு (இருண்ட முனை), உச்சியளவு (முழு வெளிச்சம்) என இரண்டு பிரிவுகள் வைக்கலாம். அடியைத் தொட்டால் உச்சி நகரும், இரண்டு மூன்று சுற்று வரவேண்டும் என்பதையும் பத்தியில் சேருங்கள்.

உச்சியளவை எங்கே இறக்குவது என்றும் சொல்லவேண்டும். மென்பொருளில் மட்டும் இறக்கினால், உங்கள் எடுத்துக்காட்டில் 256 படிகளில் நீலத்துக்கு 48-தான் மிஞ்சும்; மெல்ல மங்கும் காட்சியில் நிறம் படிப்படியாகத் தாவும். டையோடுக்கு மின்னோட்டம் தரும் டிரைவர் பலகையின் திருகில் பெரும்பகுதியை இறக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் மென்பொருளில் தொடுவது நல்லது.

பழைய 532 பச்சை உள்ள கருவிக்கு அந்த விகிதம் பொருந்தாது, சுமார் 2 : 1.4 : 1 என்று வரும். விகிதத்தைப் போடும் இடத்தில் அலைநீளத்தையும் சேர்த்தே போடுங்கள். அடியளவு, உச்சியளவு இரண்டையும் சேர்த்தெழுதுவதா பிரித்தா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லட்டும். எனக்குச் சேர்த்தெழுதுவதே பிடித்திருக்கிறது.