வன்னியிலிருந்து மலைநாட்டுக்குப் போனவர்கள்: கண்டதை எழுதுங்கள்

கிளிநொச்சி, ஆசிரியர்

நமக்கு உயரம் என்றால் குளக்கட்டு. மிஞ்சினால் வெடுக்குநாறி போல ஒரு பாறைக்குன்று. தரம் பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய மலைநாட்டைப் படிப்பிக்கும்போது, 2,524 மீற்றர் பீதுருதாலகாலை என்று கரும்பலகையில் எழுதினால் அதை எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே போய் வந்தவர்கள் எழுதுங்கள். சாப்பாட்டுக்கடை, தங்குமிட விபரம் வேண்டாம். மலை, ஆறு, காற்று, மழை போதும்.

மாங்குளம், லொறிச் சாரதி

ஐயா, போகும்போது அரிசி, வரும்போது கரட், லீக்ஸ். இதுதான் என் தொழில். தம்புள்ளை வரைக்கும் லொறிக்கு மலை என்ற நினைவே வராது. மாத்தளையை நெருங்கும்போது இடப்பக்கம் நக்கிள்ஸ் தொடர் எழும்பும். ஆனால் உண்மையான சோதனை கண்டி, கம்பளை, புசல்லாவை எல்லாம் கடந்து இறம்பொடையில். வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். பிரேக்கை நம்பி இறங்குகிறவன் புதியவன். கியரில் இறங்குகிறவன் பழையவன்.

குளிரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகைக்கு மேல் வெப்பம் குறையும் என்று நீங்கள் படிப்பிப்பதை என் கிளீனர் பனியனோடு ஏறி நிரூபித்துவிட்டான். தை, மாசி விடியற்காலையில் நுவரெலியாப் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அது படிந்த தேயிலைக் கொழுந்து கருகிப்போகும்.

தருமபுரம்

என் அப்பா மஸ்கெலியாத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியது. மலையைப் பற்றி அவர் ஏக்கமாகப் பேசியதே இல்லை. அட்டையையும் மழையையும் கங்காணியையும் ஒரே மூச்சில் திட்டுவார். அவர் இறந்த பிறகுதான் நான் அங்கே போனேன்.

நல்லதண்ணிப் பக்கமிருந்து இரவில் சிவனொளிபாதமலை ஏறினோம். ஐயாயிரத்துக்கு மேல் படிகள். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியோடு பருவம் முடியும். மற்றக் காலத்தில் காற்றும் மழையும் ஏறவிடாது. உச்சி 2,243 மீற்றர். விடியும் நேரம் எல்லாரும் கிழக்கே முண்டியடித்தார்கள். பக்கத்தில் நின்ற தோட்டத்துப் பெரியவர் ஒருவர், “சூரியனை உங்க ஊரிலும் பார்க்கலாம் தம்பி, இந்தப் பக்கம் திரும்புங்க” என்றார். மேற்கே, கீழிருந்த மூடுபனியின் மேல், மலையின் நிழல் அளந்து வெட்டியது போன்ற முக்கோணமாகக் கிடந்தது. சூரியன் ஏற ஏற அது மலையடியை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்தது. மலை அப்படி ஒழுங்கான முக்கோணம் இல்லையே, நிழல் மட்டும் எப்படி என்று இன்றுவரை யோசிக்கிறேன். யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழே மவுசாக்கலை நீர்த்தேக்கம் தெரிந்தது. பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அப்பா சாமி கும்பிட்ட இடமும் அதற்குள்தான்.

வவுனியா, பல்கலைக்கழக மாணவி

அண்ணா, எந்த மலையின் நீண்ட நிழலையும் உச்சியில் நின்று பார்த்தால் முக்கோணமாகத்தான் தெரியும். தண்டவாளம் தூரத்தில் ஒன்று சேர்வது போலத் தோன்றுகிறதே, அதே காரணம். மலையின் வடிவத்துக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒன்று. இலங்கையின் தரை மூன்று படிகளாக உயர்கிறது என்று 1929இல் அடம்ஸ் என்ற புவிச்சரிதவியலாளர் எழுதினார். அதில் கீழ்ப்படியில்தான் நாம் குடியிருக்கிறோம். மலைநாட்டின் பெரும்பகுதிப் பாறைக்கு ‘உயர்நிலத் தொகுதி’ என்றும், அதற்கு வடமேற்கே உள்ளதற்கு ‘வன்னித் தொகுதி’ என்றும் பெயர். இரண்டும் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வெந்து உருமாறிய பாறைகள். இந்தியத் தட்டு ஆசியாவை முட்டி இமயம் எழத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி ஆண்டுதான் ஆகிறது. நம் பாறைக்கு முன் அது நேற்றுப் பிறந்த பிள்ளை.

முத்தையன்கட்டு, விவசாயி

பாறை கிடக்கட்டும் தங்கச்சி, தண்ணீரைச் சொல்லுங்கள். வைகாசியில் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று கிளம்பினால் இங்கே புழுதிதான் பறக்கும். அதே காற்று மலையின் மேற்குச் சரிவில் முட்டி மேலேறிக் குளிர்ந்து கொட்டித் தீர்க்கிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும்; கிளிநொச்சிக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஹோட்டன் சமவெளியில் நின்று பார்த்தேன். புல்வெளிக்கு நடுவே முழங்கால் அளவு ஓடை. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைநீர் அந்த வட்டாரத்திலிருந்துதான் போகிறதாம். குள்ளமான மரங்களின் பாசி, மழை இல்லாத நேரத்திலும் மூடுபனியைப் பிடித்துச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையில் கடலில் விழுகிறது. நம் கனகராயன் ஆற்றுக்கு அந்த மலையில் ஒரு சொட்டு உரிமையும் இல்லை. மாரி மழையில் இங்கேயே பிறந்து, இரணைமடுவை நிரப்பி, ஆனையிறவில் முடிகிறது. சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல்லுக்கு, எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் சண்டை பிடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஓடை ஞாபகம் வந்து எரிச்சல்தான் வருகிறது.

பாரதிபுரம்

அந்த மழை சும்மா விழுவதில்லை அண்ணா. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவு இறங்கித் தோட்டத் தொழிலாளரின் லய வீடுகளை அப்படியே மூடியது. எங்கள் உறவுக்காரர் அடுத்த தோட்டத்தில் இருந்தார். சுவரில் வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாய்ந்து நிற்கும் மரம், இவற்றைக் கண்டால் சாமான் எடுக்கக்கூட நிற்கக் கூடாது என்பார். இதையும் பிள்ளைகளுக்கு வாசியுங்கள் ஐயா.

கிளிநொச்சி, ஆசிரியர்

வாசிக்கிறேன். பிள்ளைகளை ஹோட்டன் சமவெளிக்குக் கூட்டிப்போக ஒரு யோசனையும் இருக்கிறது. எந்த நேரம் நல்லது?

மாங்குளம், லொறிச் சாரதி

விடியற்காலையிலேயே வாசலில் நில்லுங்கள். சமவெளியின் விளிம்பிலுள்ள ‘உலக முடிவு’ப் பள்ளம் 800 மீற்றருக்கு மேல் ஆழம். ஆனால் ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு மூடுபனி ஏறிவிட்டால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை, சப்பாத்து கட்டாயம். பஸ் சாரதி மலைப்பாதை பழகியவரா என்று முதலில் கேளுங்கள்.