பாடக்குறிப்பில் எழுதிய நோக்கமும் வகுப்பில் நடந்ததும்: உங்கள் அனுபவம்?

மூன்றாம் வகுப்பு ஆசிரியை:
ஒரு வாரமாக மனத்தை விட்டு அகலவில்லை, அதனால் எழுதுகிறேன். இடமதிப்புப் பாடம். குறிப்பேட்டில் வழக்கம்போல் ‘இடமதிப்பை அறிந்துகொள்வர்’ என்று எழுதியிருந்தேன். வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியப் பயிற்றுநர் வந்திருந்தார். 32 என்றதும் வகுப்பே ‘பத்துகள் மூன்று, ஒன்றுகள் இரண்டு’ என்று ஓங்கிச் சொன்னது. எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் முன்வரிசைச் சிறுமியிடம் குச்சிப் பெட்டியைத் தள்ளி, “32ஐ எடுத்து வை அம்மா” என்றார். பெட்டியில் பத்துப் பத்தாகக் கட்டியவையும் இருந்தன, உதிரிகளும் இருந்தன. அவள் மூன்று உதிரிக் குச்சிகளை வைத்தாள். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னும் இரண்டை வைத்தாள். “சரிதானே டீச்சர்?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பயிற்றுநர் எதுவும் சொல்லவில்லை. என் குறிப்பேட்டில் ‘அறிந்துகொள்வர்’ என்பதன் கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போனார். அந்த இடைவெளிதான் என்னை உறுத்துகிறது. கட்டம் போட்டு எழுதிப் பழகிய கை விட்ட இடைவெளி அது.

முருங்கைக்காம்பு:
கோடு போட்டது சரிதான். ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாரும் நோக்கத்தை இறுக்கிக் கட்டினால் என் வகுப்பில் நடந்ததுதான் நடக்கும். நான்காம் வகுப்பு, அறிவியல். ‘இலையின் பகுதிகளைப் படத்தில் குறிப்பர்’ என்று துல்லியமாகவே எழுதியிருந்தேன். வீட்டிலிருந்து ஆளுக்கு ஓர் இலை கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பூவரசு, வேம்பு, ஆல் என்று வந்தன. ஒருத்தி முருங்கைக் காம்பை நீட்டி, “டீச்சர், இது ஒரே இலையா, நிறைய இலையா?” என்றாள். பின்னால் வட்டாரக் கல்வி அலுவலர் உட்கார்ந்திருந்தார். “அது இன்றைய பாடத்தில் இல்லை, உட்கார்” என்று சொல்லிவிட்டேன். காம்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நோக்கம் நிறைவேறியது, அத்தனை பேரும் காம்பு, நடுநரம்பு, இலைப்பரப்பு குறித்தார்கள். அலுவலர் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். நான்கு வருடம் ஆகிறது.

பணி நிறைவுற்ற தலைமையாசிரியர்:
2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்த புதிதில் (குழந்தைகள் தங்கள் வேகத்தில் அட்டைகளைக் கொண்டு படிப்படியாகக் கற்பது; அந்தப் படிகளின் வரிசைதான் ‘ஏணி’), ஒரு பையன் ஏணியில் ஒரு படியைத் தாண்டிவிட்டதாகக் குறித்தேன். மறுநாள் அதே அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தடையின்றிப் ‘படித்தான்’. அவ்வளவுதான் என் கதை.

இளைய ஆசிரியர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். கற்றல் விளைவு வேறு, ஒரு பாடவேளையின் நோக்கம் வேறு. 2017இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் வெளியிட்ட கற்றல் விளைவுகள் ஓர் ஆண்டு முடிவில் குழந்தை அடைய வேண்டியவை. அதை அப்படியே பெயர்த்து ஒரு நாள் குறிப்பில் எழுதினால் யாராலும் எட்ட முடியாது. அதிலிருந்து இன்றைக்கான ஒரு கவளத்தை எடுங்கள். அறிவர், உணர்வர், புரிந்துகொள்வர் என்பவை கண்ணுக்குத் தெரியாத வினைகள். எடுத்து வைப்பர், பிரிப்பர், வரிசைப்படுத்துவர், காரணம் சொல்வர் என்று எழுதுங்கள். அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் மேகர் 1962லேயே மூன்று கேள்விகளை வைத்தார்: மாணவர் என்ன செய்வார், எந்தச் சூழலில், எந்த அளவுக்குச் சரியாக? இடமதிப்புக்கு அதைப் பொருத்தினால், ‘கட்டுகளும் உதிரிகளும் கொடுத்தால், சொல்லும் ஐந்து ஈரிலக்க எண்களில் நான்கையாவது சரியாக எடுத்து வைப்பர்’ என்று வரும். நான் குறிப்பு எழுதும்போது கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எழுதுவேன். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது குழந்தையிடம் எதைக் கேட்கப் போகிறேன் என்று தெரிந்தால் நோக்கம் தானாக வந்து உட்காரும். முருங்கை அம்மா, உங்கள் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் ‘குறிப்பர்’ என்பது படத்தோடு நின்றுவிட்டது. கையில் இருக்கும் இலையில் காட்டுவர் என்று இருந்திருந்தால் அந்தப் பெண் கேட்டது பாடத்துக்குள்ளேயே வந்திருக்கும்.

ஈராசிரியர் பள்ளி:
ஐயா, வணக்கம். உங்கள் ஐந்துக்கு நான்கு கணக்கு ஒரே வகுப்பை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு. எங்கள் பள்ளியில் முதல் மூன்று வகுப்பும் ஒரே அறையில், என் ஒருத்தியிடம். 2022இல் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு, குழந்தைகளின் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று ஒரே நேரத்தில் மூன்று நோக்கங்களோடு நிற்கிறேன். நிலை பார்த்துப் பிரிப்பது தேவைதான், நான் மறுக்கவில்லை.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அரும்பில் இருந்தான். பக்கத்தில் முதல் வகுப்பில் படிக்கும் அவன் தங்கை. அன்றைய நோக்கம் இரண்டு பேருக்கும் ஒன்று: ‘மெய் இல்லாத மூன்றெழுத்துச் சொற்களைப் படிப்பர்’. ‘தவளை’ அட்டையைக் காட்டினேன். தங்கை வாயைத் திறந்தாள், அண்ணனைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அவன் ‘த… வ…’ என்று தட்டுத்தடுமாறி முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு தெரியாதவள்போல் அவனுக்குப் பின்னால் மெதுவாகப் படித்தாள். ஆறு வயது. இதை எந்தப் பதிவேட்டில் குறிப்பது? மறுநாள் இருவரையும் வேறு வேறு குழுவில் உட்கார வைத்தேன். அது சரியா என்று இன்றும் தெரியவில்லை.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை:
ஐயா சொன்னதுபோல் எழுதி, நேற்று மறுபடி நடத்தினேன். 24 பேரில் 17 பேர் கட்டுகளைத் தொட்டு எடுத்தார்கள். முன்வரிசைச் சிறுமி மூன்று கட்டுகளை எடுத்தாள், ஆனால் ஒன்றின் ரப்பரைக் கழற்றி உள்ளே பத்து இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் வைத்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. முருங்கை டீச்சர், அந்தப் பெண்ணுக்குப் பிறகாவது பதில் சொன்னீர்களா?

முருங்கைக்காம்பு:
அன்று மாலையே தேடிப் படித்தேன். இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையில் ஒரு மொட்டு இருக்கும், சிற்றிலையின் அடியில் இருக்காது. ஆகவே முருங்கையில் அந்தக் காம்பு முழுவதும் சேர்ந்து ஒரே இலை. மறுநாள் நானே ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போய், “நேற்று கேட்டாயே” என்று அவளிடம் கொடுத்தேன். மொட்டைத் தடவிப் பார்த்தாள். “நேற்று நான் கொண்டுவந்ததில் இது இல்லை டீச்சர், அம்மா காம்போடு மட்டும்தான் ஒடித்துத் தந்தார்கள்” என்றாள்.