ஓசூர் யூனிட்டுக்கு ஹைஸ்பீடு மவுண்டர்: யமஹா, ஜூக்கி, ஹன்வா, இல்ல பழைய ஃபியூஜி?

ஓசூர் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். ஓசூர்ல சின்ன யூனிட் வச்சிருக்கோம், எல்இடி டிரைவர் போர்டும் எனர்ஜி மீட்டர் போர்டும் ஜாப் ஒர்க்கா ஓடுது. இருக்கிற மவுண்டர் (போர்டுல பார்ட்டை எடுத்து வைக்கிற மெஷின்) ரொம்ப பழசு, இனி தாங்காது. டிரைவர் போர்டுல 42 பார்ட், ஒரு பேனல்ல 6 போர்டு. ஒரு நாளைக்கு 10,000 போர்டு வேணும்னு கஸ்டமர் நிக்கிறார், ரெண்டு ஷிப்டும் சேத்து உருப்படியா ஓடுறது 14 மணி நேரம்தான். கேட்லாக்ல பாத்தா ஜூக்கி ஆர்எஸ்-1ஆர் 47,000 சிபிஎச் (ஒரு மணி நேரத்துல வைக்கிற பார்ட் எண்ணிக்கை), ஹன்வா டெகான் எஸ்2 92,000, யமஹா ஒய்எஸ்எம்20ஆர் 95,000. இது போக அப்பாவோட ஃப்ரெண்டு ஒருத்தர் செகண்ட்ஹேண்ட்ல ஃபியூஜி என்எக்ஸ்டி எடுத்துக்கோ, விலை பாதிகூட வராதுங்கிறார். லோன் போட்டு வாங்குறோம், தப்பா வாங்கிட்டா மறுபடி எழ முடியாது. எது எடுக்கலாம்?

ஒரகடம் புராசஸ்:
தம்பி, பிராண்டுக்கு முன்னாடி உங்க கணக்கைப் போட்டுடுவோம். 10,000 போர்டுன்னா கிட்டத்தட்ட 1,667 பேனல், 14 மணி நேரத்துல வகுத்தா ஒரு பேனலுக்கு 30 செகண்டு. ஒரு பேனல்ல 252 பார்ட். கேட்லாக் சிபிஎச்ங்கிறது அவங்களுக்குத் தோதான போர்டுல, பார்ட்டை உறிஞ்சித் தூக்குற எல்லா நாசிலும் ஒரே நேரத்துல எடுக்கிற மாதிரி வச்சு அளக்கிறது, நம்ம போர்டுல அது வரவே வராது. நான் எப்பவும் 60 சதவீதம்தான் எடுத்துக்குவேன். அப்போ 47,000 மெஷின் உங்களுக்கு 28,000 குடுக்கும், பேனலுக்கு 32 செகண்டு, மயிரிழையில தவறுது. 95,000 மெஷின்ல 16 செகண்டு. சூப்பர்னு தோணும், ஆனா மவுண்டருக்கு முன்னாடி போர்டுல சால்டர் பேஸ்ட் தடவுற உங்க பேஸ்ட் பிரிண்டர் எவ்வளவு நேரம் எடுக்குது? ஸ்டென்சில் துடைக்கிற நேரமும் சேத்து 25 செகண்டு எடுத்தா மவுண்டர் 9 செகண்டு சும்மா நின்னு பாத்துக்கிட்டு இருக்கும், அந்த வேகத்துக்கும் சேத்துதான் நீங்க வட்டி கட்டுவீங்க. முதல்ல ஸ்டாப்வாட்ச் எடுத்துட்டுப் போய் பிரிண்டர் பக்கத்துல நில்லுங்க.

இன்னொண்ணு, கேட்லாக்ல பார்ட் சைஸ் 0402னு பாத்து நம்ம 0402னு நினைச்சுடாதீங்க. ஜப்பான் கம்பெனிங்க மெட்ரிக் கோடு போடுவாங்க, அது 0.4க்கு 0.2 மில்லிமீட்டர், நாம 01005னு சொல்றது. நம்ம ஊர்ல 0402ன்னா 1.0க்கு 0.5, அவங்க கணக்குல 1005.

கோவை மெயின்டனன்ஸ்:
செகண்ட்ஹேண்ட் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா அதுல அடிபட்டவன் நான். பிராண்டு பேரு வேண்டாம், ஒரு பழைய ஹைஸ்பீடு மெஷின் வாங்கினோம், நாசில் மாட்டியிருக்கிற ஹெட் நல்லா இருந்துச்சு, கண்ணாடி மாதிரி சுத்தமா துடைச்சுக் குடுத்தாங்க. ஆனா கூட வந்த 70 ஃபீடர்ல (ரீல்ல இருக்கிற டேப்பை இழுத்து பார்ட்டை மெஷினுக்கு ஊட்டுறது) பாதிக்கு ஸ்ப்ராக்கெட் பல்லு தேஞ்சு கிடந்தது. டேப் ஒரு நூல் அளவு தள்ளி நிக்கும், நாசில் பார்ட்டோட ஓரத்தைப் புடிச்சுத் தூக்கும், 0603 கெபாசிட்டர் நட்டுக்குத்தலா ஒட்டிக்கிட்டு வரும், கேமரா பாத்து ரிஜெக்ட் பண்ணும். மூணு மாசம் புரோகிராம்ல தப்பு, வேக்குவம்ல தப்புன்னு தேடிக்கிட்டே இருந்தோம்.

என்எக்ஸ்டி நல்ல டிசைன், அதுல சந்தேகமே இல்ல. எம்3, எம்6னு மாட்யூலா வரும், ஹெட்டை ஸ்பேனர் இல்லாமலே கழட்டி மாத்தலாம். ஆனா ஒரு எம்3 மாட்யூல்ல 8 மில்லிமீட்டர் ஃபீடர் 20தான் ஏறும், அப்போ உங்களுக்கு எத்தனை மாட்யூல் வேணும்னு எண்ணிப் பாருங்க. சாஃப்ட்வேர் லைசென்ஸ் உங்க பேருக்கு மாறுமான்னும் எழுத்துல வாங்கணும். ஃபீடரை ஒவ்வொண்ணா காலிபிரேஷன் ஜிக்ல வச்சுக் காட்டச் சொல்லுங்க, காட்டலன்னா அட்வான்ஸ் குடுக்காதீங்க.

ஓசூர் தம்பி:
ரொம்ப நன்றிண்ணா, பிரிண்டரை இன்னைக்கு அளந்து பாத்தேன், 27 செகண்டு! யாரும் இதுவரைக்கும் இதைச் சொல்லல. டிரைவர் போர்டுல 22 வகை ரீல், மீட்டர்ல 65 வகை. வாரத்துக்கு நாலு தடவை மாத்தி மாத்திப் போடுறோம், ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேரம் போகுது.

ஸ்ரீபெரும்புதூர் லைன்லீடர்:
தம்பி, உங்க பணம் போற ஓட்டையே அந்த ஒன்றரை மணி நேரம்தான். வாரத்துக்கு 6 மணி நேரம் மெஷின் சும்மா நிக்குது. 22ம் 65ம் சேத்தா 87. ஆர்எஸ்-1ஆர்ல 112 ஃபீடர் லேன் இருக்கு, டெகான் எஸ்2ல 120, யமஹாவுல அதைவிட அதிகம். ரெண்டு போர்டோட ரீலையும் ஒரே நேரத்துல மாட்டி அப்படியே விட்டுட்டா சேஞ்ச்ஓவர்னா புரோகிராம் மாத்துறதும் கன்வேயர் அகலம் மாத்துறதும் மட்டும்தான். ஆனா இது 8 மில்லிமீட்டர் அகல டேப்புக்கான கணக்கு, 12, 16 டேப்பு அதிக இடம் புடிக்கும், ஐசி ஏதாவது ட்ரேயில வந்தா அது தனி. இதை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் கூட்டிட்டு அப்புறம் பிராண்டுக்கு வாங்க.

என்னைக் கேட்டா ஒரு 95,000 மெஷினுக்குப் பதிலா மீடியம் வேகத்துல ரெண்டு மெஷினை வரிசையா போடுவேன். ஒண்ணு படுத்துட்டாலும் மத்தது மெதுவாவாவது ஓடும், கஸ்டமருக்கு டெலிவரி பொய்க்காது. இடமும் காசும் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா ரெண்டு பீம் மெஷின் (ரெண்டு ஹெட் தனித்தனியா ஓடுறது) எடுங்க, எந்த பிராண்டா இருந்தாலும் சர்வீஸ் இன்ஜினியர் ஓசூருக்கோ பெங்களூருக்கோ எத்தனை மணி நேரத்துல வருவார், நாசிலும் ஃபில்டரும் இந்தியாவுல ஸ்டாக் இருக்கான்னு பாத்துத்தான். இந்த மூணுமே வேலை செய்யிற மெஷின்தான், ராத்திரி ரெண்டு மணிக்கு எர்ரர் வந்தா யார் போனை எடுக்கிறாங்கங்கிறதுதான் வித்தியாசம்.

டெமோவுக்கு வெறுங்கையோட போகாதீங்க. உங்க பேனல், உங்க ரீல், அதுவும் கடைசி கொஞ்சம் மிச்சமிருக்கிற ரீலா எடுத்துட்டுப் போங்க, நடுவுல ஒட்டுப் போட்டது ஒண்ணு ரெண்டு இருந்தா இன்னும் நல்லது. ஒரு மணி நேரம் நிறுத்தாம ஓட்டச் சொல்லிட்டு ரிஜெக்ட் பாக்ஸைத் திறந்து கையால எண்ணுங்க.

ஓசூர் தம்பி:
அக்கா, சரி. இதுல ரெண்டு கம்பெனிக்கு போன் பண்ணி டெமோ கேட்டாச்சு, 60 பேனல் எடுத்து வச்சிருக்கேன். ஒட்டுப் போட்ட ரீலும் இருக்கு. சைக்கிள் டைமும் ரிஜெக்ட் கணக்கும் வந்ததும் இங்கேயே போடுறேன்.