மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்தபின் செவிலியரிடம் என்னென்ன கேட்கலாம்?

காசிமேட்டு மகள்:
என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். இடது அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் அகற்றியிருக்கிறார்கள். காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைத்த அவர் மறுபடியும் அரிவாள்மணை முன் உட்காரத் துடிக்கிறார். உறவினர்களோ அந்தக் கையால் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்கிறார்கள். இதைச் செவிலியரிடம் கேட்கலாமா, மருத்துவரிடம்தான் கேட்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற செவிலியர், பெரம்பூர்:
தாராளமாகக் கேளுங்கள். புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர் இரண்டு கைகளின் சுற்றளவையும் டேப்பால் அளந்து குறித்து வைப்பார். முடிச்சுகளை அகற்றிய கையில் நிணநீர் வடியும் வழி குறைந்துவிடுவதால் வீக்கம் சில ஆண்டுகள் கழித்தும் வரலாம், அப்போது ஒப்பிட்டுப் பார்க்க இந்த அளவு வேண்டும். உங்கள் அம்மா விஷயத்தில் எனக்குக் குடத்தைவிட மீன் முள்தான் கவலை. முள் குத்திய இடத்தில் கிருமி புகுந்து கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்று மாதத் தவணைக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆகவே தடித்த ரப்பர் கையுறை அவசியம். எடையே தூக்கக் கூடாது என்பது பழைய எண்ணம். கைவீக்கம் இருந்த பெண்கள்கூட, பயிற்சியாளர் மேற்பார்வையில் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கியபோது வீக்கம் கூடவில்லை என்று 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எதிலிருந்து தொடங்குவது என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும்.

தண்டையார்பேட்டை வாசகி:
நானும் இந்தச் சிகிச்சையைக் கடந்தவள். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் செவிலியருக்கு உட்காரவும் நேரமிருக்காது என்பதால், கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கீமோவுக்குப் பின் பாதம் மரத்துப் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். மீன் சந்தையின் ஈரத் தரையில் வழுக்கினாலும், ஏதாவது குத்தினாலும் உடனே தெரியாது. நோய் திரும்பாமலிருக்கத் தரும் தமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையைக் கொடுத்திருந்தால், மாதவிடாய் நின்றபின் சிறிது இரத்தம் பட்டாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் செவிலியர் இதையும், நோய் திரும்பிவிடுமோ என்ற பயத்தையும், வீட்டார் வெளியே போன பிறகுதான் கேட்டார். மகளாகவே இருந்தாலும் நீங்களும் சற்று நேரம் வெளியே நில்லுங்கள்.

காசிமேட்டு மகள்:
இருவருக்கும் நன்றி. இரத்த அழுத்தத்தை எந்தக் கையில் பார்ப்பது?

ஓய்வுபெற்ற செவிலியர், பெரம்பூர்:
இயன்றவரை வலக்கையில். ஊசியும் இரத்தப் பரிசோதனையும் அப்படியே. வேறு மருத்துவமனைக்குப் போனால் அங்குள்ளவர்களுக்குத் தெரியாது, நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும்.